இருபத்தைந்தாவது ஆள்

பெண்கள் விடுதி,
பதுளை.
2025 மார்ச் 2, ஞாயிறு

அன்பு வாணி அக்காவுக்கு,

அக்கா என்று எழுதியதைப் பார்த்து நீ சிரிப்பாய். ஏழு மாதம் மூத்தவள் என்பதற்காகக் கடிதத்தின் முதல் வரியில் மட்டும் இந்த மரியாதை. அடுத்த வரியிலிருந்து நீ வெறும் வாணிதான்.

எனக்கு மூக்கடைப்பைத் தவிர வேறு குறை இல்லை. பெரியம்மா எப்படி இருக்கிறார்? குளவி கொட்டிய வீக்கம் வற்றிவிட்டதா? ஓடும்போது கல்லில் விழுந்த முழங்காலுக்கு ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள்? போன வாரம் பண்டாரவளை வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் கேட்டேன். "எங்க அக்கா போன்ல ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குறா. சிக்னலுக்காக மலை உச்சி வரைக்கும் ஏறி வந்து, நல்லா இருக்கேன்னு ஒரு மெசேஜ் மட்டும் போட்டுட்டு இறங்கிடுறா" என்றாள். அந்த முழங்காலோடு எப்படி ஏறுகிறார் என்று நான் கேட்கவில்லை. ஏறிப் போடுவது நீதான் என்று நினைக்கிறேன். விடுதியில் போன் கூடாது என்பதால் உனக்கு நான் கடிதம்தான் எழுத வேண்டியிருக்கிறது.

உன் கட்டில் காலியாகத்தான் இருக்கிறது. மேட்ரன் வேறு பிள்ளையைப் போடப் பார்த்தார். "வாணி அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான் போயிருக்கிறாள், இரண்டு மாதத்தில் வந்துவிடுவாள் மிஸ்" என்று நானும் நஸ்மியா டீச்சரும் சொல்லித் தடுத்துவிட்டோம்.

இனி முக்கியமான செய்தி. மாகாண மட்டத்தில் கணினி விளையாட்டுப் போட்டி வைக்கிறார்கள். செப்டெம்பர் 20, பண்டாரவளையில். ஒரு குழுவில் இரண்டு பேர் வரை இருக்கலாம், எல்லாரும் பாடசாலையில் படிப்பவர்களாக இருக்க வேண்டும். ஆகஸ்ட் 1 விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். டீச்சர் நம் இருவர் பெயரையும் எழுதிக்கொண்டார். ஜனவரியில் நாம் தொடங்கினோமே, அந்தத் தேயிலை மலை விளையாட்டைத்தான் அனுப்பப் போகிறோம். கொழுந்து முத்துவதற்குள் ஆட்களைச் சரியான நிரைக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு.

ஆனால் இரண்டு வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். இருபத்து நாலு ஆட்களை உண்டாக்கிப் பட்டியலில் சேர்க்கிறேன். பட்டியலை எண்ணிப் பார்த்தால் இருபத்து நாலு என்றுதான் சொல்கிறது. திரையில் ஒருத்திதான் நடக்கிறாள்! அந்தப் பகுதி நிரலை மறுபக்கத்தில் கையால் எழுதியிருக்கிறேன். உன்னிடம் கணினி இல்லை என்று தெரியும். ஆனாலும் நீ பார்த்தால் தெரியும் என்று ஒரு நம்பிக்கை.

விளையாட்டில் ஒரு எதிரி வேண்டும் என்கிறார் டீச்சர். குளவிக்கூடு போடலாமா?

உன் கட்டிலைக் காவல் காக்கும்,
மதுஷா

*

கரும்பாறைத் தோட்டம், மேற்பிரிவு,
மடுல்சீமை.
மார்ச் 16

மதுவுக்கு,

உன் மூக்கடைப்பு சரியாகியிருக்கும். கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. இங்கே தபால் எல்லாம் தோட்ட ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து கங்காணி வாங்கிவந்து, காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது கொடுப்பார். மாரிசாமி கங்காணி உன் கடிதத்தை நாலு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். "என்ன பாப்பா, லவ் லெட்டரா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். "ஆமாங்க, கம்ப்யூட்டர் எழுதியிருக்கு" என்றேன். இப்போது அதுவே எனக்குப் பட்டப்பெயர்.

நான் ஏன் பெரட்டுக்களத்தில் நின்றேன் என்று உடனே கேட்பாய். கைக்காசுக்கு மட்டும்தான் போகிறேன். அன்றன்றைக்கு வேலை, அன்றோடு சரி. பதினெட்டு முடியாதவர்களைத் தோட்டத்தில் பேர் பதிய மாட்டார்கள். அதனால் பயப்படாதே. அம்மா எழுந்து நடந்ததும் நான் பஸ் ஏறிவிடுவேன்.

உன் நிரலைப் பார்த்தேன். ஐந்தாவது வரியைப் பார். புது ஆளை உண்டாக்கும் 'நியூ' என்ற சொல்லை, சுற்றிச் சுற்றி ஓடும் லூப்புக்கு வெளியே எழுதியிருக்கிறாய். ஒரு ஆளை ஒரே ஒரு தடவை உண்டாக்கிவிட்டு, அதே ஆளை இருபத்து நாலு தடவை பட்டியலில் சேர்த்திருக்கிறாய். ஒருத்தியைப் பதிந்து அவளுக்கே இருபத்து நாலு நம்பர் கொடுத்த மாதிரி. அந்த வரியை லூப்புக்குள் இறக்கு. ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக ஒருத்தி வருவாள்.

குளவி போடாதே. மழை போடு.

வாணி

*

பதுளை விடுதி
மார்ச் 23

அன்பு வாணி அக்காவுக்கு,

மூக்கடைப்பு போய் இருமல் வந்திருக்கிறது. அதனால் என்ன, இருபத்து நாலு பேரும் வந்துவிட்டார்கள்!

ஒரு வரியை இரண்டு வரி கீழே தள்ளினேன், அவ்வளவுதான். கணினி அறையில் நான் போட்ட சத்தத்தில் நஸ்மியா டீச்சர் ஓடிவந்தார். உன் கடிதத்தைக் காட்டினேன். இரண்டு தடவை வாசித்துவிட்டு, "கம்ப்யூட்டர் இல்லாம, கையெழுத்தைப் பாத்துக் கண்டுபிடிச்சாளா? இவளை எப்படியாவது கூட்டிட்டு வா புள்ள" என்றார்.

குளவி பற்றி எழுதியது என் மடத்தனம். பெரியம்மாவிடம் சொல்லிவிடாதே.

இப்போது வேறொரு குறை. இருபத்து நாலு பேரும் ஒரே வேகத்தில், ஒரே மாதிரிக் கையை நீட்டிக்கொண்டு, சுதந்திர தின அணிவகுப்பு போலப் போகிறார்கள். மலையில் வேலை செய்பவர்கள் உண்மையில் எப்படி நடப்பார்கள்? நான் பண்டாரவளையில் காய்கறிக் கடைக்குப் பின்னால் வளர்ந்தவள். எனக்குக் கோவாவும் கரட்டும்தான் தெரியும். நீ இப்போது தினமும் பார்க்கிறாய் அல்லவா? எழுது.

கூடவே, எப்போது வருகிறாய் என்றும் எழுது. போன கடிதத்தில் அதற்குத் தேதி இல்லை.

இருமிக்கொண்டே எழுதும்,
மதுஷா

*

மேற்பிரிவு
ஏப்ரல் 20

மதுவுக்கு,

இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி. வருஷப் பிறப்புக்கு நீ வருவாய் என்று அம்மா எதிர்பார்த்திருந்தாள். மழையில் ரோடு அப்படி, வராததும் நல்லதுதான்.

பதில் தாமதம். கையில் வெடிப்பு, பேனா வழுக்குகிறது. எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கேட்டது. எல்லாருக்கும் ஒரே வேகம் கொடுக்காதே. அதற்காக 'ரேண்டம்' போட்டும் தப்பித்துவிடாதே. ரேண்டமாக இங்கே யாரும் நடப்பதில்லை. ஆள் ஆளாகச் சொல்கிறேன். ஒவ்வொருத்தியையும் உண்டாக்கும்போதே அவளுக்குரியதை அவளிடம் கொடுத்துவிடு.

ஒன்று, பெரியாயி. ஐம்பத்தாறு வயது. கால் மெதுவாகத்தான் போகும், கை நிற்காது. பத்துச் செடிக்கு ஒரு தடவை குனிந்து அட்டையைப் பிடுங்கி எறிவாள், திட்டிக்கொண்டே. "ரெத்தத்தைத்தான் துரைமாருக்குக் குடுத்தாச்சு, ஒனக்கு என்னடி மிச்சம் வச்சிருக்கேன்" என்பாள். அட்டையைத்தான் சொல்கிறாள். இரண்டும் மூன்றும் அக்கா தங்கை, நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பக்கத்துப் பக்கத்து நிரையில் அவர்களைப் போடாதே, நிற்க மாட்டார்கள். நாலாவது ஆள் ஓட்டம்தான். நல்ல நிரையைப் பிடிக்க முதல் ஆளாக ஓடுவாள், மத்தியானத்துக்குப் பிறகு சோர்ந்துவிடுவாள். அவளுக்கு வேகம் நேரத்தோடு குறைய வேண்டும். ஐந்தாவது ஆள் பிள்ளைக்காரி. பத்து மணிக்கு, கைக்குழந்தைகளை விட்டுவரும் பிள்ளைக் காம்பராவுக்குப் பால் கொடுக்கப் போய், பத்தரைக்கு வருவாள்...

மிச்சப் பத்தொன்பது பேரும் இன்னொரு தாளில் இருக்கிறார்கள். மழை வந்தால் யார் இடுப்பில் கட்டிய படங்கை இழுத்துத் தலையில் போடுவார்கள், யார் நனைவார்கள் என்றும் குறித்திருக்கிறேன்.

அம்மா சுவரைப் பிடித்து நடக்கிறாள்.

வாணி

*

பதுளை விடுதி
மே 11

அன்பு வாணி அக்காவுக்கு,

கொத்தமல்லித் தண்ணீர் கேட்டது. பெரியம்மாவின் கால் பற்றி நீ எழுதும் ஒற்றை வரியை நான் ஒன்பது தடவை வாசிக்கிறேன். சுவரை விட்டுவிட்டும் நடக்கிறாரா?

உன் தாள்களை வைத்து இருபத்து நாலு பேரையும் உண்டாக்க இரண்டு வாரம் பிடித்தது. இப்போது திரையைப் பார்த்தால் மலை மாதிரியே இருக்கிறது. எங்கள் வகுப்புப் பிள்ளைகள் வந்து வந்து பார்க்கிறார்கள். பெரியாயிக்கு இரசிகர்கள் இருக்கிறார்கள். போய்ச் சொல்லு.

ஒரு சின்னத் தொல்லை. கூடை நிறைந்தவள் நிறுவைக் கொட்டிலுக்குப் போனதும் அவளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன். அப்படி ஒருத்தியை எடுக்கும்போதெல்லாம் அவளுக்கு அடுத்தவள் கண் சிமிட்டும் நேரம் மறைந்து மறைந்து வருகிறாள். அவள் ஒன்றும் செய்யவில்லை. பாவம், பக்கத்தில் இருந்தாள், அவ்வளவுதான்.

பாடசாலையில் உன் வரவைப் பற்றி டீச்சர் அதிபரிடம் பேசியிருக்கிறார். வரவு குறைந்தால் பாடசாலை மூலம் உயர்தரப் பரீட்சை எழுத விடமாட்டார்கள். "ஜூன் முடியுமுன்னே வந்தால் எப்படியாவது சரிக்கட்டலாம். அதுக்குப் பிறகு வரவு இடாப்பிலே பேரை வைக்க ஏலாது" என்று அதிபர் சொன்னாராம். வாணி, ஜூன் முடிவு. கலண்டரில் சிவப்பாக வட்டம் போட்டிருக்கிறேன்.

போட்டிக்கு வயதுச் சான்றும் கேட்கிறார்கள். என்னுடையது தயார்.

கலண்டர் பார்த்துக்கொண்டிருக்கும்,
மதுஷா

*

மேற்பிரிவு
மே 25

மதுவுக்கு,

இங்கே எல்லாரும் இருக்கிறோம். பெரியாயியிடம் சொன்னேன். "டிவியில வர்றேனா? அப்ப ஒரு நல்ல சேலை கட்டிவிடச் சொல்லு" என்றாள்.

நீ பட்டியலை முன்னாலிருந்து எண்ணிக்கொண்டு போகும்போதே ஆளை எடுக்கிறாய். மூன்றாவது ஆளை எடுத்தால் நாலாவது ஆள் மூன்றாவது இடத்துக்கு நகர்ந்துவிடுவாள். நீ அடுத்து நாலாவது இடத்தைப் பார்ப்பாய். நகர்ந்தவளை அந்தச் சுற்றில் யாரும் பார்க்கவில்லை, வரையவும் இல்லை. பின்னாலிருந்து முன்னால் எண்ணு. அப்போது யாரை எடுத்தாலும் இன்னும் பார்க்காதவர்கள் தம் இடத்திலேயே இருப்பார்கள்.

போன செவ்வாய்க்கிழமை ஆபீசிலிருந்து கிளாக்கர் ஐயா லயத்துக்கு வந்தார். "ரெங்கம்மா எப்ப வேலைக்கு வருவா?" என்று கேட்டார். "வருவேங்க ஐயா, இன்னும் பத்து நாள்ல" என்று அம்மா சொன்னாள். எழுந்து நின்று சொன்னாள். அவர் போனதும் உட்கார முடியவில்லை, நான் பிடித்து உட்கார வைத்தேன். நாங்கள் குடியிருக்கும் இந்தக் காம்பராவில் யாராவது ஒருவருக்குத் தோட்டத்தில் பேர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காம்பராவைத் திருப்பிக் கேட்பார்கள். அது எப்போதும் உள்ள முறைதான், புதிதாக ஒன்றுமில்லை.

விடுதியில் சேரும்போது கொடுத்த என் பிறப்புச் சான்றிதழ் மேட்ரனின் அலமாரியில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பு. பிரதி எடுத்து நீயும் ஒன்று வைத்துக்கொள்.

வாணி

*

பதுளை விடுதி
ஜூன் 8, உன் பிறந்தநாள்

பதினெட்டு வயதான வாணி அக்காவுக்கு,

இன்றைக்கு நீயும் பெரியம்மாவும் பாயாசம் குடித்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு விடுதிப் பருப்பை விழுங்கினேன்.

பின்னாலிருந்து எண்ணினேன். மறைவது நின்றுவிட்டது. இனி யாரும் பக்கத்தில் இருந்ததற்காகக் காணாமல் போகமாட்டார்கள்.

சான்றிதழை நாளைக்குப் பதிவுத் தபாலில் போடுகிறேன். மேட்ரன் தர மறுத்தார். "கேட்டவ நேர்ல வரட்டும்" என்றார். "போட்டிக்கு வேணும் மிஸ், வயதுச் சான்று" என்று நான்தான் அடித்துப் பேசி வாங்கினேன். கையெழுத்தும் நானே போட்டேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் இந்தப் பயந்தாங்கொள்ளியைத் தட்டிக்கொடுத்திருப்பாய். பிரதியை நம் விண்ணப்பத்தோடு குத்தி வைத்துவிட்டேன்.

கடைசியாக ஒரு கேள்வி, பிறகு உன்னைத் தொல்லை செய்யமாட்டேன். இதுவரை எல்லாரையும் தொடக்கத்திலேயே உண்டாக்குகிறோம். விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் புதிதாக ஒரு ஆள் வந்து சேர வேண்டும் என்று டீச்சர் சொல்கிறார். அவள் எப்போது வருவாள், எங்கிருந்து வருவாள், எப்படி இருப்பாள் என்று எழுது. இல்லை, எழுத வேண்டாம். இன்னும் இருபத்திரண்டு நாள்தானே, வந்து நீயே என் பக்கத்தில் உட்கார்ந்து அடித்துவிடு.

உன் கட்டிலுக்கு உறை மாற்றிவிட்ட,
மதுஷா

*

மேற்பிரிவு
ஜூலை 13

மதுவுக்கு,

சான்றிதழ் கிடைத்தது. பாயாசம் வைக்கவில்லை, ரொட்டிதான். அம்மா இப்போது கதவருகே உட்கார்ந்து வெயில் காய்கிறாள். முகம் தெளிந்திருக்கிறது.

நீ கேட்ட புதிய ஆள்.

அவளை மற்றவர்களோடு சேர்த்துத் தொடக்கத்தில் உண்டாக்காதே. கூடை நிறைத்துப் போனவர்களில் ஒருத்தி திரும்பி வராதபோது, அந்த இடத்துக்குத்தான் வருவாள். அப்போது 'நியூ' போட்டுப் பட்டியலின் கடைசியில் சேர். இருபத்தைந்தாவது ஆள். வயது பதினெட்டு. வேகம் மற்றவர்களில் பாதி. கொஞ்சம் கொஞ்சமாகக் கூடட்டும், ஆனால் பெரியாயியைத் தாண்ட வேண்டாம். முதலில் ஓரத்து நிரைதான் கிடைக்கும், அங்கே கல் அதிகம், செடி மெலிவு. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று புத்தகத்தில் படித்தவள் என்பதால் ஒவ்வொரு கொழுந்தையும் பார்த்துப் பார்த்துக் கிள்ளுவாள். அப்படிக் கிள்ளினால் கூடை நிறையாது. பிறகு பார்க்காமல் கிள்ளப் பழகுவாள். அதற்கு ஒரு எண் வை, பூச்சியத்திலிருந்து தொடங்கி ஏறட்டும்.

கீழே ரோட்டில் ஏழு மணி பஸ் போகும்போது ஒரு கணம் நிற்பாள். பஸ்ஸை வரைய வேண்டாம். அவள் நின்றால் போதும். இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகு அப்படி நிற்பதையும் விட்டுவிடுவாள். அதையும் எழுத மறக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வாணி

*

பதுளை விடுதி
ஜூலை 27

வாணி,

நலம் விசாரிக்க இன்றைக்குக் கை வரவில்லை.

உன் இருபத்தைந்தாவது ஆளை நேற்று உண்டாக்கினேன். வயது, வேகம், ஓரத்து நிரை, எல்லாம் நீ சொன்னபடி. ஆட்களின் பெயர் அவரவர் தலைக்கு மேல் தெரியும்படி வைத்திருக்கிறேன். இவளுக்கு நீ பெயர் எழுதவில்லை. பெயர் கொடுக்காவிட்டால் கணினி 'அன்டிஃபைன்ட்', அதாவது இன்னாரென்று சொல்லப்படாதது, என்று போட்டுவிடும். அந்தச் சொல்லைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் நடந்தாள். ஏழு மணிக்கு நின்றாள். நான் டீச்சரிடம், "இந்த இடத்தில் ஏன் நிற்கிறாள் என்று வாணி எழுதவில்லை டீச்சர், பஸ் என்று மட்டும் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சொல்லும்போதே விளங்கிவிட்டது. ஏழு மணி பஸ் பசறை வழியாகப் பதுளைக்கு வருகிற பஸ். விடுமுறை முடிந்து ஒவ்வொரு தவணைக்கும் நீ அதில்தான் வருவாய்.

ஜூன் முழுவதும் நான் வட்டம் போட்ட கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பதினெட்டு முடியக் காத்துக்கொண்டிருந்தாய். பேர் பதியச் சான்றிதழ் வேண்டியிருந்தது. அதை மேட்ரனோடு சண்டை போட்டு, பதிவுத் தபாலில், பிறந்தநாள் வாழ்த்தோடு அனுப்பியவள் நான்.

என்னிடம் சொல்லியிருக்கலாமே. சொன்னால் அனுப்பியிருக்க மாட்டேன் என்றுதானே சொல்லவில்லை?

அதிபர் இடாப்பில் உன் பெயரின் மேல் கோடு போட்டுவிட்டார். "வாணி பேரை எடுத்துட்டு உன் பேரை மட்டும் போட்டு அனுப்புவோம் புள்ள" என்கிறார் டீச்சர். அது என்னால் ஏலாது. எனக்குப் போட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாதிக்கு மேல் நீ செய்ததை என் ஒருத்தி பெயரில் கொண்டுபோய் வைக்க மாட்டேன்.

மதுஷா

*

மேற்பிரிவு
ஜூலை 30

அடியே மது,

உன் கடிதம் இந்தத் தடவை மூன்றே நாளில், இன்று காலை பெரட்டில் கைக்கு வந்துவிட்டது. என் பதில் ஆபீஸ் வழியாகப் போனால் வெள்ளிக்கிழமை தாண்டித்தான் உன் கைக்கு வரும். அதனால் இன்றைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் கேட்டுக்கொண்டு மலையிலிருந்து இறங்கி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். "கம்ப்யூட்டர் பாப்பா, எங்க ஓடுற?" என்று கங்காணி கத்தினார். ரோட்டோரத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

யார் உன்னைப் போட்டி வேண்டாம் என்று சொல்லச் சொன்னது? எனக்காகவா? நான் கேட்டேனா? நான் கைவிட்டது பாடசாலையை. இந்த இருபத்து நாலு பேரை நான் கைவிடவில்லை. மலையில் நிற்கும்போது ஒவ்வொருத்தியின் காலையும் கையையும் பார்த்து மனதில் எழுதி வைத்து, வெடித்த கையால் உனக்கு எழுதினேன். ஏன் என்று நினைக்கிறாய்? நீ அழுதுகொண்டு தாளை மடித்து வைக்கவா?

ஆமாம், சொல்லவில்லை. சொன்னால் நீ அழுவாய், சித்தியிடம் சொல்வாய், சித்தி வந்து அம்மாவிடம் சொல்வாள், அம்மா "நான் வேலைக்குப் போறேன்" என்று எழுந்து நிற்பாள். அவளால் நிற்க முடியாது மது. முழங்கால் இனி மடங்காது என்று மார்ச்சிலேயே சொல்லிவிட்டார்கள். சுவரைப் பிடித்து நடக்கிறாள் என்று எழுதினேன். கட்டிலிலிருந்து கதவு வரைக்கும்தான் அந்த நடை. காம்பராவைக் கொடுத்துவிட்டு நாங்கள் எங்கே போவது? உன் விடுதிக் கட்டிலுக்கா?

உன்னை ஏமாற்றித்தான் சான்றிதழை வாங்கினேன். குற்றம் என்னுடையது. அதையும் எடுத்து உன் தலையில் வைத்துக்கொள்ளாதே, உனக்கு எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். உன் பெயரில் அனுப்பு. இருபத்தைந்தாவது ஆளின் பெயர் வாணி. பிழையில்லாமல் அடி.

வா.

*

பதுளை விடுதி
செப்டெம்பர் 21

அன்பு வாணி அக்காவுக்கு,

இந்தத் தடவை முதல் வரியில் மட்டுமல்ல.

உன் திட்டு வியாழக்கிழமை மாலை வந்து சேர்ந்தது. கண்டக்டர் விடுதி வாசல் வரை வந்து, "மடுல்சீமையில இருந்து ஒரு கோபம் வந்திருக்கு, யாருக்கு?" என்று கேட்டாராம். வெள்ளிக்கிழமை காலை நஸ்மியா டீச்சரே விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

நேற்றுப் போட்டி. முப்பத்தொரு குழு. நான் மட்டும்தான் தனி ஆள். அம்மா கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நடுவர்களில் ஒருவர், பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் சேர், என் திரைக்கு முன்னால் குனிந்து நின்றார். பெரியாயி குனிந்து அட்டையைப் பிடுங்கியபோது சிரித்தார். பிறகு இருபத்தைந்தாவது ஆள் வந்தாள். நின்றாள்.

"இதில் ஒரு பிழை இருக்கு மகள். இந்த ஆள் காரணமில்லாமல் நிக்குது."

"பிழை இல்லை சேர். பஸ் போகுது."

"பஸ் எங்கே?"

"நமக்குத் தெரியாது சேர். அவளுக்குத் தெரியும்."

அவர் அடுத்த மேசைக்குப் போகாமல் அங்கேயே நின்றார். வேகத்தைக் கூட்டி ஓடவிடச் சொன்னார். விளையாட்டில் மூன்று வாரம் ஓடிய பிறகு ஏழு மணி வந்தது. அவள் நிற்காமல் கிள்ளிக்கொண்டே போனாள். "இதையெல்லாம் யார் யோசிச்சது?" என்று கேட்டார். "என் அக்கா" என்றேன். "எங்கே படிக்கிறா?" என்றார். "மலையில் கொழுந்து பறிக்கிறா சேர்" என்று சொன்னேன், அக்கா. இல்லாததைச் சொல்லவில்லை. மூன்றாம் இடம் கிடைத்தது. சான்றிதழில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது, அதை இன்னும் உறையிலிருந்து எடுக்கவில்லை.

வரும்போது பஸ்ஸில் டீச்சர் ஒன்று சொன்னார். பாடசாலை இடாப்பில் பெயர் இல்லாவிட்டாலும் தனியார் பரீட்சார்த்தியாக உயர்தரம் எழுதலாம். வரவு தேவையில்லை. விண்ணப்பத்தை அவரே வாங்கித் தருவார். ஒவ்வொரு வாரமும் நான் குறிப்புகளைப் பிரதி எடுத்து அனுப்புகிறேன், கண்டக்டர் கையிலேயே. நீ என்னைவிடக் கெட்டிக்காரி. உன்னால் முடியும். முடியும் என்று ஒரு சொல் எழுது, போதும்.

பெரியம்மாவின் காலை நினைத்துக்கொண்டிருக்கும்,
மதுஷா

*

மேற்பிரிவு
ஒக்டோபர் 13

மதுவுக்கு,

அம்மா உன்னை விசாரித்தாள். சித்தி அனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறேன். மடங்கவில்லை, ஆனால் வலி குறைவு என்கிறாள். இது உண்மை, அப்படியே எழுதுகிறேன்.

மூன்றாம் இடம் என்று பெரட்டுக்களத்தில் சொன்னேன். பெரியாயிக்குக் கோபம். "நான் இருந்தும் மூணாவதா?" என்கிறாள். பேசாத அக்காவும் தங்கையும் தனித்தனியாக வந்து என்னிடம் கேட்டார்கள், தங்களைப் பக்கத்தில் போட்டிருக்கிறாயா என்று. இல்லை என்றேன். இரண்டு பேர் முகமும் வாடிப்போனது.

நீ கடைசியாகக் கேட்டதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பதில் யோசித்தேன். முடியும் என்று எழுதுவது லேசு. எழுதினால் நீ குறிப்புகளை அனுப்புவாய். ஒவ்வொரு வாரமும் ஒரு கட்டு வரும், நான் அதைக் கட்டிலுக்கு அடியில் வைப்பேன், படிக்கிறேன் என்று உனக்கு எழுதுவேன். அதைத்தான் இந்த வருஷம் முழுக்கச் செய்துவிட்டேனே. ஐந்து மணிக்கு எழுந்து, அம்மாவைக் கழுவி, சமைத்து, மலைக்குப் போய்த் திரும்பி வந்தால் புத்தகத்தில் எழுத்து ஊர்கிறது. உறங்கிவிடுகிறேன். உட்கார்ந்தபடியே.

அதனால் நேராக எழுதுகிறேன். இந்த வருஷம் முடியாது. குறிப்பு அனுப்பாதே.

ஜனவரியில் திரும்பக் கேள். அப்போதும் முடியாது என்றுதான் சொல்வேன் என்று நினைக்கிறேன். சித்திரையிலும் கேள். நான் எரிச்சல்படுவேன், இரண்டு கடிதத்துக்குப் பதில் போடாமல் இருப்பேன், உனக்கு வேறு வேலை இல்லையா என்று திட்டுவேன். அப்போதும் கேள். இங்கே என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை மது. நிறுவையில் எத்தனை கிலோ என்று மட்டும்தான் கேட்கிறார்கள்.

மணி அடித்துவிட்டது, பெரட்டுக்குப் போகிறேன்.

வாணி